கம்ப்யூட்டரும் கைநாட்டு வைக்கும்!



எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. பாளையம்பட்டியில் இது அதிசயமில்லை. ஆனால் எங்கள் சேலை டிசைன்கள் மும்பையில் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா? சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மும்பையில் ஒரு கம்ப்யூட்டரை மாத வாடகைக்கு எடுத்து, அப்பா போடும் புது டிசைன்களை அதில் சேர்த்து வைக்கிறார். இங்கிருந்தே அதற்குள் நுழைய எஸ்எஸ்ஹெச், ஃபைல் அனுப்ப எஸ்எஃப்டிபி.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணன் லீவில் வந்திருந்தார். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை போனவர், அங்கிருந்து போன் போட்டார்.

"பாப்பா, புது டிசைன் பன்னெண்டையும் அனுப்பிரு. எப்படின்னு சொல்லிக் குடுத்திருக்கேன்ல?"

கட்டளையை அடித்தேன். கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்து, கடைசியில் 'யெஸ்ஸா, நோவா?' என்று கேட்டது. நமக்குத்தான் படிக்காமலே யெஸ் கொடுத்துப் பழக்கமாச்சே! கொடுத்தேன். ஃபைல் எல்லாம் போய்விட்டது. பெருமையாகச் சொன்னேன்.

அண்ணன் குரல் மாறிவிட்டது. "நேத்துத்தான புதுக் கம்ப்யூட்டர் மாத்துனேன். கைநாட்ட ஒத்துப் பாத்தியா?"

கம்ப்யூட்டருக்கு ஏது கைநாட்டு?

இருக்கிறதாம்! ரேஷன் கடையில் பாட்டி விரல் வைப்பது மாதிரி, எஸ்எஸ்ஹெச்சில் எதிர்முனைக் கம்ப்யூட்டரும் தன் அடையாளத்தைக் காட்டுமாம். முதல் தடவை பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால், 'இது சரியான ஆள்தானா?' என்று நம்மிடம் கேட்கும். நாம் யெஸ் என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் அந்த அடையாளம் மாறினால் பெரிய எழுத்தில் எச்சரிக்கும். நடுவில் ஒரு திருடன் போலிக் கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தால்? இன்னும் தறியில் ஏறாத பன்னிரண்டு டிசைனும் அவன் கைக்குப் போயிருக்கும். தீபாவளி வியாபாரம் அவனுக்கு!

"என் நோட்டுல கடைசிப் பக்கம் எழுதி வச்சிருக்கேன். எழுத்து எழுத்தாப் பாரு. பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட மாறக் கூடாது."

மொத்தம் 43 எழுத்து. கை நடுங்க ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. 43-ம் சரியாக இருந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது!

அன்று ராத்திரி அண்ணன் திட்டவில்லை. கதை சொன்னார். முன்பெல்லாம் டெல்நெட், எஃப்டிபி என்ற முறைகளில்தான் தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைவார்களாம். அதில் பாஸ்வேர்டு அஞ்சலட்டை மாதிரி திறந்தபடியே போகும். வழியில் யாரும் படிக்கலாம். பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படிப் பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டார்கள். அதைப் பார்த்த தாத்து யுலோனன் என்பவர் 1995-ல் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததும் அதே 1995, ஆகஸ்ட் 15-ல்தான்! எஃப்டிபிக்கு வாசல் எண் 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினாராம். இன்றும் எஸ்எஸ்ஹெச்சின் வாசல் எண் அதுதான்.

இன்னொரு சம்பவம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச்சில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். 'போனால் போகுது' என்று விடாமல் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. அது உலகம் முழுக்கப் பரவும் முன்பே பிடிபட்டது. அரை விநாடியைக் கவனித்த அவர் எங்கே, நாலு வரியைப் படிக்காத நான் எங்கே!

நண்பர்களே, எஸ்எஸ்ஹெச் கடிதத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறது. ஆனால் விலாசம் சரியா என்று பார்க்க வேண்டியது நாம்தான். கதவைத் தட்டினால் "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தானே திறக்கிறோம்? திரையிலும் அப்படியே கேட்போம். இனி நான் படிக்காமல் யெஸ் அடிக்க மாட்டேன். நீங்க?

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
கணினி அறிவியல் பிரிவு