எத்தனை பவுன் எடை?

பவுன் என்ற சொல்லைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் கழுத்துச் சங்கிலி ஞாபகம் வரும்; பெண்ணைப் பெற்ற தகப்பனார்களுக்குக் கல்யாணச் செலவு ஞாபகம் வரும். எனக்கோ சில மாத காலமாகத் துப்பாக்கிக் குண்டு ஞாபகம் வருகிறது. இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. கைத்துப்பாக்கிக் குண்டுகளில் மிகப் பிரசித்தமான ஒன்று, எடையில் ஏறக்குறையச் சரியாக ஒரு பவுன்.

என் தங்கையின் கணவர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் சிறு கடை ஒன்று நடத்துகிறார். இரவு வெகு நேரம் திறந்திருக்கும் கடை. பக்கத்துத் தெருவில் ஒரு கொள்ளை நடந்த பிறகு, அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறபடி 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். தோட்டா வாங்கப் போன இடத்தில்தான் சங்கடம் ஏற்பட்டது. பெட்டிகளின்மேல் 115, 124, 147 என்று எண்கள் அச்சிட்டிருந்தனவாம். "மச்சான், நீங்கள் பௌதிக உபாத்தியாயர் ஆயிற்றே! இவற்றில் எது உத்தமம்?" என்று டெலிபோனில் கேட்டார். கறுப்புப் பலகையில் கணக்குப் போடுகிறவனிடம் உயிர் சம்பந்தமான கணக்கைக் கேட்டால் என்ன செய்வது? படித்தேன், யோசித்தேன். அதன் சாரத்தை இங்கே சொல்கிறேன்.

அந்த எண்கள் 'கிரெயின்' என்னும் அளவைக் குறிப்பவை. நம் தட்டார்கள் குன்றிமணியை வைத்து நிறுத்தது போலவே, வெள்ளைக்காரர்கள் தானிய மணியை வைத்து நிறுத்த காலத்தில் பிறந்த அளவு அது. 7000 கிரெயின் சேர்ந்தது ஒரு ராத்தல். நம் பழைய தோலா 180 கிரெயின். ஆகவே 124 கிரெயின் என்பது 8 கிராம், அதாவது ஒரு பவுன். 115 என்பது பவுனுக்கு அரைக் கிராம் குறைவு. 147 என்பது பவுனுக்கு மேல் ஒன்றரைக் கிராம். மூன்றும் ஒரே துப்பாக்கியில் செல்லும். இலேசான குண்டு வேகமாகப் போகும். கனமானது நிதானமாகப் போகும்.

115 கிரெயின் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 360 மீட்டர் செல்கிறது. 147 கிரெயின் குண்டு சுமார் 300 மீட்டர். சக்தியைக் கணக்கிட்டால் இலேசான குண்டு சுமார் 480 ஜூல், கனமானது சுமார் 430 ஜூல். உந்தத்தைக் கணக்கிட்டாலோ கனமான குண்டு சிறிது மேலே நிற்கிறது. ஒரு கணக்கில் தம்பி ஜயிக்கிறான். மறு கணக்கில் அண்ணன் ஜயிக்கிறான். ஆகவே வாதம் ஓய்வதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். வேகப் பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் கிரிக்கெட் பந்தின் உந்தம், இந்தக் குண்டுகளின் உந்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்! ஆகவே, சுடப்பட்டவன் பின்புறமாகப் பறந்து விழுவது சினிமாவில்தான். குண்டு மனிதனைத் தள்ளி நிறுத்துவதில்லை. உயிர் நிலையை எட்டினால்தான் நிறுத்துகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி எடையன்று; ஆழம்.

இந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் ரத்தம் சிந்தியே கற்றார்கள். பிலிப்பைன் தீவுகளைக் கைப்பற்றப் போன அவர்களுடைய சேனை, தன் நாட்டைக் காக்கப் போராடிய மோரோ வீரர்களை .38 அங்குலச் சுழல் துப்பாக்கியால் தடுக்க முடியாமல் திண்டாடியது. 1904-ஆம் வருஷம் தாம்ஸன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோ நகரத்து மாட்டுக் கொட்டில்களில் பரீக்ஷை நடத்தி, .45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு உதவாது என்றார்கள். அதன் பயனாக 1911-ல் வந்த கோல்ட் துப்பாக்கியின் குண்டு 230 கிரெயின். ஏறக்குறைய இரண்டு பவுன்!

பிறகு 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமி நகரில் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் எப்.பி.ஐ. உத்தியோகஸ்தர்களுக்கும் சண்டை மூண்டது. ஆரம்பத்திலேயே 115 கிரெயின் குண்டு ஒன்று ஒரு கொள்ளைக்காரனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தது. ஆனால் இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் போராடினான். உத்தியோகஸ்தர் இருவர் மாண்டார்கள்; ஐவர் காயமுற்றார்கள். அது முதல் அந்த இலாகா, மாமிசத்துக்குப் பதிலாக ஜெலட்டின் பாளத்தில் சுட்டுப் பார்த்து, குண்டு குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்று விதி செய்தது. கனமான குண்டுகளுக்கு மவுசு பிறந்தது. 1990-ல் .40 அங்குலத் தோட்டா வந்தது. அதன் 180 கிரெயின் குண்டு நம் தோலாவுக்குச் சரி. எனினும் குண்டு செய்யும் வித்தை வளர்ந்துவிடவே, 2014-ல் அதே இலாகாவின் பயிற்சிப் பிரிவு, 9 மில்லிமீட்டரே போதும் என்று முடிவு கட்டியது. நன்றாகச் செய்யப்பட்ட குண்டானால், 124 கிரெயினும் அந்த ஆழத்தை எட்டுகிறது, 147-ம் எட்டுகிறது.

தற்காப்புக்கென்று விற்பவை நுனியில் குழிவுள்ள குண்டுகள். உடலில் புகுந்ததும் மலர்ந்து, வேகம் தணிந்து, உள்ளேயே தங்கிவிடுவதற்காக அவ்விதம் செய்கிறார்கள். மலரும் குண்டு நமக்குப் புதிதன்று. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் சேனைக்காகச் செய்த குண்டுகள் உலகமெங்கும் கண்டனத்துக்குள்ளாகி, 1899-ல் ஹேக் நகர மகாநாட்டில் யுத்தத்துக்கு ஆகாதென்று விலக்கப்பட்டன. யுத்தத்தில் விலக்கியதை வீட்டில் அனுமதிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கடைத்தெருவில் ஒருவனைத் துளைத்து வெளியேறும் குண்டு பின்னால் நிற்கும் நிரபராதியைத் தாக்கும் என்பதே அதற்குச் சொல்லும் நியாயம்.

என் தங்கை கேட்டதோ வேறு கேள்வி. "அண்ணா, எடை இருக்கட்டும். குறி தப்பினால் அந்தக் குண்டு எங்கே போகும்? சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் படுத்திருக்கிறார்களே!" என்றாள். பௌதிக சாஸ்திரம் அறியாதவள் கேட்ட கேள்வியே பௌதிகக் கேள்வி. அந்நாட்டு வீட்டுச் சுவர் செங்கல் அன்று. மரச் சட்டத்தில் ஜிப்ஸம் பலகை அடித்தது. 115 ஆனாலும் 147 ஆனாலும் அத்தகைய சுவர்கள் சிலவற்றைத் துளைத்துச் செல்லும். நுனிக் குழியில் ஜிப்ஸம் அடைத்துக்கொண்டால் குண்டு மலர்வதுகூட நிச்சயமில்லை. குழந்தையைக் காக்கும் எடை என்று ஒன்று எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை.

ஆகவே மாப்பிள்ளைக்கு இவ்விதம் எழுதினேன்: "மூன்று எடையிலும் நல்ல குண்டுகள் உண்டு. உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுவது எது, உங்கள் கைக்குக் குறி தப்பாமல் படிவது எது என்று சுட்டுப் பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். எடை மாறினால் குண்டு தைக்கும் இடமும் சற்று மாறும். எனவே பழகுவதும் அதே எடையாக இருக்கட்டும். எந்தச் சுவருக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லாப் பணத்துக்காக ஒரு நாளும் துப்பாக்கியைத் தொடாதீர்கள், பணத்தைக் கொடுத்துவிடுங்கள். குண்டு போட்ட துப்பாக்கியைக் குழந்தை கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாக வைப்பது உங்கள் மாகாணத்தில் குற்றம். பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்றை இந்த வாரமே வாங்குங்கள். தோட்டாவை அடுத்த வாரம் வாங்கலாம்."