கணபதிக்கு முந்திய பத்து நாள்

மும்பைக்குப் பிழைக்கப் போன கொங்கணத்துக்காரரை ஊரில் 'சாக்கர்மானி' என்பார்கள். 'சாக்ரி' என்றால் உத்தியோகம். சொல்லில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கேலி. தீபாவளிக்கு அவர் வராவிட்டால் பரவாயில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தே ஆக வேண்டும். ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகள் பல அப்போதுதான் திறக்கும்.

2020இல் சதுர்த்தி ஆகஸ்ட் 22ஆம் தேதி. 12ஆம் தேதிக்குள் ஊர் வந்தால் 10 நாள் தனிமை, பிறகு வந்தால் தொற்று இல்லையென்ற சான்று என்றது மகாராஷ்டிர அரசு. அரசு பஸ்ஸில் 22 பேருக்கு மட்டுமே இடம். பல வீடுகளில் ஒன்றரை நாளில் கரைக்கப்படும் பிள்ளையாருக்காக 10 நாள் அடைபட வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அது கட்டுப்படியாகுமா?

கிராமங்களின் பயத்திலும் நியாயம் இருந்தது. நோய் கடுமையாகத் தாக்கிய நகரம் மும்பை. ஊரில் எஞ்சியிருந்தவர்களில் முதியவர்கள் ஏராளம்.

வீட்டுப் பிள்ளையார் இரண்டடிக்கு மேல் கூடாது என்ற உத்தரவு யாரையும் அதிகம் வருத்தவில்லை. கொங்கணத்து வீட்டுக் களிமண் பிள்ளையார் பெரும்பாலும் சிறியவர்தான். பறிபோனவை இரவுகள். வீடு வீடாகச் சென்று, மிருதங்கமும் ஜால்ராவும் முழங்க ஆரத்தி பாடி, கொடுத்ததைக் கொறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும் வழக்கம் அவ்வாண்டு ஓய்ந்தது.

வர முடியாதவர்கள், டவர் கிடைத்த ஊர்களின் பூஜையைக் கைபேசியில் பார்த்தார்கள். தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டையை அனுப்பத்தான் வழியில்லை.