கைகள் கேட்கும் உரிமை

ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்து பார்க்கும் வாய்ப்பு இன்றைய ஆலைத் தொழிலாளிக்கு அரிது.

நான் வாழும் அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின்னரும், வீட்டில் பியர் தயாரிப்பதைச் சமஷ்டிச் சட்டம் 1978 வரை அனுமதிக்கவில்லை. தடை அகன்றபின், சோடா நிறுவனங்கள் காலப்போக்கில் கழித்தொதுக்கிய 19 லீற்றர் உருக்குக் கலன்கள் சாதாரண மக்களின் வீடுகளை அடைந்தன. பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் கலனையும் காபனீரொட்சைட்டு உருளையையும் வைத்து, கதவைத் துளைத்துக் குழாய் பொருத்தினர். பியர் ஊற்றும் கருவி பிறந்தது.

என் அயலவரான ஆலைத் தொழிலாளியோடு சேர்ந்து நானும் அப்படியொன்றை அமைத்தேன். கலனின் அமுக்கத்துக்கேற்ற நீளம் குழாய்க்கு இல்லையெனில் கிண்ணத்தில் நுரையே நிறையும். அந்நீளத்தை அவரே கணக்கிட்டார். கைப்பிடியை மரத்திற் செதுக்கினார். ஆலையிலோ நாள் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்குபவர் அவர். அங்கு உருவாகும் பொருளின் அமைப்பில் அவருடைய சொல்லுக்கு இடமில்லை.

இக்கருவி இன்று கடையிலும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஆனால், குழாயிலிருந்து முதற்கிண்ணம் தெளிவாக இறங்கியபோது அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சி விலைக்குக் கிடைப்பதன்று. அம்மகிழ்ச்சி ஓய்வுநாளின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடாது, உழைக்கும் நேரத்தின் உரிமையாகவும் மலர வேண்டும்.