கொலை ஸ்தல யாத்திரை

லண்டன் மாநகரத்துக்குப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை என்று ஒரு ஜாபிதா உண்டு. அரண்மனை, பார்லிமெண்டு மணிக்கூண்டு, மெழுகுப் பொம்மைகள், கோபுரச் சிறையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோஹினூர் வைரம். நம் தேசத்துப் பொருளை நாமே காசு கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் உள்ள சுகமே தனி! சென்ற கோடை விடுமுறையில் இவ்வளவையும் ஐந்தே நாட்களில் முடித்துவிட்டுக் கால் ஓய்ந்து உட்கார்ந்திருந்தோம். அப்போது, அங்கே உத்தியோகத்தில் இருக்கும் நம் மருமான் வந்து, "மாமா! இன்று சாயங்காலம் உங்களை ஒரு விசேஷமான இடத்துக்கு அழைத்துப் போகிறேன். சரித்திர வாத்தியார் அதைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பக் கூடாது" என்றான்.

"அப்படி என்னப்பா இடம்?"

"கொலை நடந்த இடங்கள்! ஒன்றல்ல, ஐந்து. இரண்டு பேருக்கும் 30 பவுன் கட்டிவிட்டேன்."

கட்டிய பணம் திரும்பாது என்றும் சொன்னான். ஆகவே நாம் புறப்பட்டோம்.

ஆல்ட்கேட் ஈஸ்ட் ரெயில் நிலையத்தின் வாசலில் மாலை 7 மணிக்கு ஏறக்குறைய முப்பது பேர் கூடியிருந்தார்கள். நம்மைத் தவிர அமெரிக்கர்கள், ஸ்பானியர்கள், கையில் பழச்சாறுடன் ஒரு புதுமணத் தம்பதி. கறுப்புத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்த நெட்டையான ஒருவர் நடுவில் நின்றார். அவர்தான் வழிகாட்டி. அங்கிருந்து நூறு அடி தள்ளி அதே மாதிரித் தொப்பியுடன் மற்றொருவர். அவரைச் சுற்றி மற்றொரு முப்பது பேர். நம் கோயில் வாசல்களில் யாத்திரிகர்களைப் பங்கு போட்டுக் கொள்வார்களே, அந்த ஞாபகம் நமக்கு வந்தது.

1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியிலிருந்து நவம்பர் 9-ஆம் தேதிக்குள், ஒயிட்சாப்பல் என்னும் இந்தக் கிழக்கு லண்டன் பேட்டையிலும் அதன் ஓரங்களிலும் ஐந்து ஏழைப் பெண்கள் கத்தியால் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒருவனே என்பது பொதுவான அபிப்பிராயம். அவன் அகப்படவேயில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு செய்தி ஸ்தாபனத்துக்குச் சிவப்பு மையில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. அதன் அடியில் 'ஜாக் தி ரிப்பர்', அதாவது கிழிக்கும் ஜாக், என்று கையெழுத்து. கொலைகாரன் எழுதியதல்ல, பத்திரிகைக்காரர் யாரோ விற்பனைக்காக எழுதியதே என்று அப்போதைய போலீஸ் அதிகாரிகளே சந்தேகித்தார்கள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. முகமே தெரியாத ஒருவனுக்கு அந்தப் பெயரால் இன்றும் சாயங்காலந்தோறும் உற்சவம் நடக்கிறது.

மே மாதத்தில் லண்டனில் இரவு ஏறக்குறைய 9 மணி வரையில் சூரியன் அஸ்தமிப்பதில்லை. பேய்க்கதை சொல்லுகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல்! வழிகாட்டியிடம் உள்ளங்கை அளவில் ஓர் யந்திரம் இருந்தது. அதைக் கொண்டு பழைய படங்களைச் சுவரின்மேல் விழச் செய்வார். மாலை வெயிலில் சுவரில் வெளிச்சப் புள்ளிதான் தெரிந்தது. மனிதர் சளைக்கவில்லை. குரலைத் தாழ்த்துவதும், திடீரென்று திரும்புவதும், சரியான இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவதுமாக, நம் ஊர்ப் பாகவதர்கள் காலட்சேபத்தில் செய்யும் சாகஸங்களை எல்லாம் செய்தார். நாம் வெகுவாக ரஸித்தோம். அதை மறைப்பானேன்?

மைட்டர் சதுக்கத்தில் அவர் கடிகாரத்தைக் கையில் எடுத்துக் கொண்டார். செப்டம்பர் 30-ஆம் தேதி பின்னிரவு 1-30 மணிக்கு ரோந்துக் கான்ஸ்டேபிள் இந்தச் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றுமில்லை. 1-44-க்கு மறுபடி வந்தபோது மூலையில் பிணம் கிடந்தது. "பதினான்கு நிமிஷம்!" என்றார் வழிகாட்டி. முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக் கொண்டோம்.

பிறகு கௌல்ஸ்டன் தெரு. கொல்லப்பட்டவளின் முன்றானைத் துணியில் ஒரு துண்டு அந்த இரவில் இங்கே ஒரு வாசற்படியில் கிடைத்தது. மேலே சுவரில் யூதர்களைப் பற்றிச் சாக்குக் கட்டியால் ஏதோ எழுதியிருந்தது. பேட்டை முழுவதும் ருஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூத ஏழைகள் வசித்த காலம் அது. விடிந்தால் கலகம் மூளும் என்று பயந்து போலீஸ் கமிஷனர் சர் சார்லஸ் வாரன் அதைப் படம் எடுப்பதற்கு முன்பே அழிக்கச் சொல்லிவிட்டார். துப்புத் துலக்குவோருக்கு இதனால் இன்றும் மனக்குறை. எத்தனையோ கரும்பலகைகளை அழித்த நமக்கு, வாரன் செய்த காரியங்களில் இது ஒன்றாவது உருப்படியானது என்று தோன்றியது.

சந்தேகத்துக்கு ஆளானவர்களின் பட்டியல் நீண்டது: வக்கீல் ட்ரூயிட், க்ஷவரத் தொழிலாளி கோஸ்மின்ஸ்கி, கடைசியில் விக்டோரியா மகாராணியாரின் பேரரான இளவரசர் ஆல்பர்ட் விக்டர்கூட! அமெரிக்க மாது ஒருவர் இளவரசர்தான் என்று அடித்துச் சொன்னார். செப்டம்பர்க் கடைசியில் அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார் என்பதற்குச் சாக்ஷியம் உண்டு. மறு வருஷம் நம் தேசத்தில் சுற்றுப்பிரயாணம் செய்யவும் வந்தார். இதை நாம் சொன்னதும் கூட்டத்தில் நமக்குக் கொஞ்சம் மதிப்பு உயர்ந்தது.

கடைசி நிலையத்துக்கு, அதாவது ஸ்பிட்டல்பீல்ட்ஸில் டார்ஸெட் தெரு இருந்த இடத்துக்கு, நாம் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்தத் தெருவே இப்போது இல்லை. பெரிய காரியாலயக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. நவம்பர் 9-ஆம் தேதி, நகர மேயரின் ஊர்வலத்தைப் பார்க்க லண்டன் திரண்டிருந்த காலையில், இங்கே மில்லர்ஸ் கோர்ட் என்ற சந்தில் 13-ஆம் நம்பர் அறைக்கு வாடகை பாக்கி கேட்க ஓர் ஆள் வந்தான். பாக்கி 29 ஷில்லிங். அவன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். வழிகாட்டி இங்கே பேச்சை நிறுத்தி யந்திரத்தை இயக்கினார். இம்முறை படம் சுவரில் தெளிவாக விழுந்தது. போலீஸார் அன்று அந்த அறையில் எடுத்த படம். அதை வர்ணிக்கப் போவதில்லை. பழச்சாறு வைத்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். யாரோ சிரித்தார். பயத்தில் வரும் சிரிப்பாகவும் இருக்கலாம். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு முப்பது பேர் நின்றோம். 30 பவுன் கொடுத்து நின்றவர்களில் நாமும் இருந்தோம்.

திரும்பும் வழியில் ரெயிலில் மருமானைக் கேட்டோம்: "அந்த ஐந்து பெண்களின் பெயர் சொல், பார்ப்போம்."

அவன் யோசித்தான். "மேரி... ஒரு மேரி உண்டு, மாமா. மற்றவை ஞாபகம் இல்லை. ட்ரூயிட், கோஸ்மின்ஸ்கி..."

அவனைக் கோபிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நமக்கும் இரண்டு பெயர்களுக்கு மேல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தினம் காலையில் பெயர் கூப்பிட்டு ஆஜர் குறிப்பதே இருபது வருஷமாக நம் தொழில். இரண்டு மணி நேரப் பாடம் கேட்டுவிட்டு, பாடத்தில் வந்தவர்களின் பெயர் தெரியவில்லை!

அன்றிரவு மருமான் வீட்டில் ஹாலி ரூபன்ஹோல்ட் என்னும் அம்மையார் 2019-ல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தோம். கொலைகாரனை அறவே விட்டுவிட்டு அந்த ஐவரின் வாழ்க்கையை மட்டும் எழுதியிருக்கிறார். ஐவரும் தெருவில் தொழில் நடத்தியவர்கள் என்று நூறு வருஷமாகச் சொல்லி வருவதற்கு, மூவர் விஷயத்தில் ஆதாரமே இல்லை என்பது அவருடைய வாதம். இரவு படுக்கைக்கு 4 பென்னி இல்லாமல் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இருந்தார்கள். அதை விசாரணைச் சாக்ஷியங்களே சொல்லுகின்றன.

மைட்டர் சதுக்கத்தில் இறந்தவள் காதரின் எட்டோஸ். தர்மப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றவள். கெண்ட் ஜில்லாவில் கூலிக்கு ஹாப் கொடி பறித்துவிட்டு, கையில் காசில்லாமல் துணைவனோடு நடந்தே லண்டன் திரும்பியிருந்தாள். அவனுடைய பூட்ஸை 2 ஷில்லிங் 6 பென்னிக்கு அடகு வைத்துத் தேயிலையும் சர்க்கரையும் வாங்கினார்கள். சிறு தகரப் பெட்டிகளில் தேயிலை, சர்க்கரை, சோப்புத் துண்டுகள், ஊசிகள், அந்த அடகுச் சீட்டு எல்லாம் அவள் உடலோடு கிடைத்தன. குடித்திருந்ததற்காக அன்று மாலை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்ப் பெயர் கேட்டபோது, "ஒன்றுமில்லை" என்று சொன்னாளாம். பின்னிரவு 1 மணிக்கு வெளியே விட்டார்கள். வழிகாட்டியின் பதினான்கு நிமிஷங்கள் அதற்கு அப்புறந்தான் வருகின்றன.

மறுநாள் காலை, யாத்திரைக்காரர்கள் தூரம் என்று விட்டுவிட்ட இரண்டு இடங்களையும் பார்க்கத் தனியாகவே புறப்பட்டோம்.

ஒயிட்சாப்பல் ரெயில் நிலையத்தின் பின்புறம் இருக்கிறது டர்வர்டு தெரு. அக்காலத்தில் பக்ஸ் ரோ. ஆகஸ்டு 31-ஆம் தேதி விடியுமுன் மேரி ஆன் நிக்கல்ஸ் இங்கே கிடந்தாள். கருமானின் மகள், அச்சுத் தொழிலாளியின் மனைவி, ஐந்து குழந்தைகளின் தாய். ஐந்து நாளைக்கு முன்புதான் வயது 43 நிறைந்திருந்தது. அவ்வருஷ வசந்தத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு அமர்ந்து, மரங்களும் தோட்டங்களும் சூழ்ந்த பெரிய இடம் என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். இரண்டு மாதத்தில் எஜமானியின் துணிகளை எடுத்துக்கொண்டு ஓடியும்போனாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்? அந்தத் தெருவில் அக்காலத்திய கட்டடம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது போர்டு பள்ளிக்கூடம். இப்போது அதில் குடித்தனங்கள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் நமக்கு வேறொரு ஞாபகம் எழுந்தது. அங்கிருந்து சுமார் இரண்டு மைல் கிழக்கே, பௌ என்னும் இடத்தில், அதே 1888-ஆம் வருஷம் ஜூலையில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் ஏறக்குறைய 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். பிடித்தமும் அபராதமும் போக அவர்கள் கையில் எஞ்சிய கூலி இன்னதென்று ஜூன் மாதத்திலேயே பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தியவர், நம் அடையாற்று அன்னி பெஸன்ட் அம்மையார்! பின்னால் 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அதே அம்மையார்தான். மூன்று வாரத்துக்குள் அந்தப் பெண்கள் ஜயித்தார்கள். நவம்பர்க் கடைசியில், மில்லர்ஸ் கோர்ட் கொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், இந்த டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரம் அம்மையாரை லண்டன் கல்வி போர்டுக்குத் தேர்ந்தெடுத்தது. பசியோடு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறு போட வேண்டும் என்று அங்கே வாதாடினார். மத்தியான உணவுக்கு வரிசையில் தட்டுடன் நிற்கும் நம் மாணவர்களை நினைத்துக் கொண்டோம்.

மேற்கே திரும்பி நடந்தால், இப்பேட்டைக்கே பெயர் கொடுத்த வெள்ளைக் கோயில் நின்ற இடம். 1940-ல் ஜெர்மன் குண்டுக்கு இரையானது, இப்போது பூங்கா. 1978-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி, வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளியை இதன் ஓரத்துத் தெருவில் மூன்று பையன்கள் குத்திக் கொன்றார்கள். நிறத்தைத் தவிர அவன் வேறு குற்றம் செய்யவில்லை. பத்து நாளில், மே 14-ஆம் தேதி, சுமார் 7,000 பேர் அவன் சவப்பெட்டியின் பின்னால் பிரதம மந்திரியின் வாசல் வரையில் நடந்து போனார்கள். 1998 முதல் பூங்காவுக்கு அவன் பெயர். ஒரு மூலையில், தாய்மொழிக்காக 1952-ல் டாக்காவில் உயிர் நீத்தவர்களின் ஞாபகச் சின்னத்தைப் போன்ற ஒரு சின்னமும் நிற்கிறது. முந்திய மாலை நாம் கூடிய ரெயில் நிலையத்திலிருந்து இந்தப் பூங்கா கூப்பிடு தூரந்தான். ஆனால் நம் வழிகாட்டி எதிர்ப்புறம் திரும்பிவிட்டார்.

கமர்ஷியல் ரோடைக் கடந்து ஹென்ரிக்ஸ் தெருவுக்குப் போனோம். பழைய பெர்னர் தெரு இதுதான். காதரினை ஸ்டேஷனிலிருந்து வெளியே விட்ட அதே இரவு, ஏறக்குறைய அதே வேளையில், இங்கே ஒரு முற்றத்தில் எலிஸபெத் ஸ்ட்ரைடு கிடந்தாள். ஸ்வீடன் தேசத்துக் குடியானவரின் மகள். 1866-ல் லண்டன் வந்து, தச்சர் ஒருவரை மணந்து, அவருடன் காபிக்கடை நடத்தியவள். அன்று பகலில் விடுதி அறைகளைக் கழுவி 6 பென்னி சம்பாதித்திருந்தாள்.

அந்த முற்றம் இருந்த இடத்தில் இப்போது ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மணி அடித்தது. சுவருக்கு அப்பால் விளையாட்டு மைதானத்தில் ஒரே கூச்சல். நம் பள்ளிக்கூடத்து இடைவேளைக் கூச்சலுக்கும் அதற்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை. வாசல் கம்பிகளுக்கு அருகில் நாம் நெடுநேரம் நிற்பதைக் கண்டு ஒரு பெரியவர் வெளியே வந்தார். வங்காளி போலிருந்தது.

"யாரைப் பார்க்க வேண்டும், ஐயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

யோசியாமல் வாயில் வந்துவிட்டது: "எலிஸபெத்."

அவர் உள்ளே மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெகு மரியாதையாக, "எந்த வகுப்பு?" என்றார்.