வைக்கத்தின் நான்காவது வீதி

வைக்கம் என்ற பெயரைக் கேளாத தமிழர் இருப்பது அரிது. ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்கள் அங்கே சென்று சிறைப்பட்டதும், 'வைக்கம் வீரர்' என்று பெயர் பெற்றதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த செய்தி. ஆனால் பெயரை அறிந்தவர்களுள் ஊரைப் பார்த்தவர்கள் சிலரே. அங்கே நடந்த போராட்டம் எதை வென்றது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை வீதி வீதியாக நடந்து பார்த்தவர்கள் அவர்களிலும் சிலரே. அப்படி நடந்து பார்க்கவே நாம் வைக்கம் சென்றோம்.

காயலுக்கு அப்பால்

கோட்டயம் ஜில்லாவில், வேம்பநாட்டுக் காயலின் கீழ்க்கரையில் இருக்கிறது வைக்கம். சாலை வழியும் உண்டு. எனினும் எதிர்க்கரையிலுள்ள தவணக்கடவிலிருந்து படகேறிப் போவதுதான் கண்ணுக்கு விருந்து. 2017-ஆம் வருஷத்தில் இந்தத் துறையில் 'ஆதித்யா' என்ற படகை விட்டார்கள். 75 பேர் அமரக்கூடிய அந்தப் படகுக்கு எண்ணெய் வேண்டாம். கூரையில் விழும் சூரிய வெளிச்சமே அதை ஓட்டுகிறது. சூரியன் இன்ன ஜாதியார் படகில்தான் ஒளி வீசுவேன் என்று சொல்வதில்லை. ஆனால் மனிதர்கள் இந்த ஊரில் தரையில் விழும் நிழலுக்கும் ஜாதி பார்த்தார்கள் என்பதே நாம் காணப் போகும் கதை.

1925 மார்ச்சு மாதம் மகாத்மா காந்தி நீர்வழியாக வந்து இறங்கியதும் இந்த ஊர்ப் படகுத் துறையில்தான். அங்கிருந்து சற்று நடந்தால் மகாதேவர் ஆலயம். ஆற்று மணல் பரப்பிய விசாலமான வெளிமுற்றம். முட்டை வடிவான கருவறை. விருச்சிக மாதத்து அஷ்டமியில் அலைமோதும் ஜனக்கூட்டம். கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் வீதிகள். போராட்டம் நடந்தது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல. இந்த வீதிகளில் நடப்பதற்காக மட்டுமே.

வீதியின் வழக்கு

வீதிகளின் முனையில் 'தீண்டல் பலகை' ஒன்று நின்றது. ஈழவரும் புலையரும் அதற்கு மேல் கால் வைக்கலாகாது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் தாராளமாக நடந்தார்கள். ஈழவர் ஒருவர் இன்று மதம் மாறினால், நேற்று அவரை விரட்டிய வீதி நாளை அவருக்குத் திறந்துவிடும்! இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

ஸ்ரீ டி. கே. மாதவன் 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸில் தீண்டாமைப் பிரச்னையை எழுப்பினார். 1924 மார்ச்சு 30-ந் தேதி மூன்று தொண்டர்கள் பலகையைத் தாண்டச் சென்றனர். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். மூவரும் கைதாயினர். அடுத்தடுத்த நாட்களிலும் அவ்வாறே நடந்தது. ஸ்ரீ மாதவன், ஸ்ரீ கேசவ மேனன் முதலிய தலைவர்கள் சிறை சென்றபின், தமிழ்நாட்டிலிருந்து பெரியார் வந்து சேர்ந்தார். இருமுறை சிறையும் புகுந்தார். அவர் மனைவி நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். அவ்வருஷம் பெருவெள்ளம் வந்து வீதியை மூழ்கடித்தபோதும் தொண்டர்கள் தண்ணீரில் நின்றபடியே தடைக்கு எதிரே காத்திருந்தார்கள்.

திண்ணைக்கு வெளியே

ஊரில் நாம் அதிக நேரம் நின்றது இண்டந்துருத்தி மனையின் எதிரில். அக்காலத்தில் கோயில் காரியங்களில் செல்வாக்கு மிகுந்த நம்பூதிரி குடும்பத்தின் இல்லம் அது. காந்தியடிகள் அந்த நம்பூதிரியிடம் வாதாட நேரில் சென்றார். வந்தவர் பிராமணர் அல்லர் என்பதால் அவரை இல்லத்தினுள் அழைக்காமல் வெளியிலேயே அமர்த்திப் பேசினார்கள். சாஸ்திரம் இடம் தரவில்லை என்பதே நம்பூதிரியின் பதில். உலகம் வணங்கிய மனிதருக்கு வாசற்படி தாண்ட உரிமை இல்லை. நல்ல வார்த்தையால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த வாசற்படி அன்றே காட்டிவிட்டது.

சட்டசபையிலும் இதே கதைதான். மேல்ஜாதி ஹிந்துக்களே மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்து சென்று ராணி ரீஜண்டிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். எனினும், 1925 பிப்ரவரியில் வீதிகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் 21-க்கு 22 என்ற வாக்குகளில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஈழவர் ஒருவரும் இருந்தார் என்பது சரித்திரத்தின் கசப்பான வேடிக்கை.

போராட்டத்துக்குள்ளும் எல்லைகள் இருந்தன. இது ஹிந்துக்கள் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய பாவம் என்று கருதினார் காந்தியடிகள். ஆகவே, கிறிஸ்தவரான ஸ்ரீ ஜார்ஜ் ஜோசப்பை விலகியிருக்கச் சொன்னார். சீக்கிய அகாலிகள் நடத்திய இலவசச் சமையற்கூடத்தையும் அவர் விரும்பவில்லை. பொதுச் சாலையில் நடப்பது ஒரு பிரஜையின் உரிமையா, ஒரு மதத்தாரின் உள்விவகாரமா? அந்தக் கேள்விக்கு அன்று முடிவான விடை கிடைக்கவில்லை.

மூன்றும் ஒன்றும்

ஏறக்குறைய 20 மாதங்களுக்குப் பின், 1925 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. மூன்று பக்கத்து வீதிகள் எல்லோருக்கும் திறந்தன. கிழக்கு வீதி மட்டும் மேல்ஜாதியாருக்கே என்று நின்றது. தீண்டாதார் சுற்றிப் போவதற்கு வேறு வழி அமைத்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கிழக்கு வீதியில் நாம் மெதுவாக நடந்தோம். இன்று அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. அதைத் திறந்தது 1925-இன் சமரசம் அன்று. 1936 நவம்பர் 12-ந் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம். அந்தப் பதினோரு வருஷங்களில் ஈழவர்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஹிந்து மதத்தையே விட்டு வெளியேறுவோம் என்றும் பேசினார்கள். சத்தியாக்கிரகம் ராஜ்யத்தின் மனச்சாட்சியைத் தட்டியது. கதவு முழுவதும் திறந்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

கதவு திறந்தபின்னும் கேள்வி ஓயவில்லை. திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, 2017-இல்தான், பிராமணரல்லாத 36 பேரை அர்ச்சகராக நியமிக்க முடிவு செய்தது. அவர்களில் அறுவர் தலித்துகள். 2025-இல் இரிஞ்ஞாலக்குடைக் கோயிலில் மாலை கட்டும் பணிக்கு நியமனமான ஈழவர் ஒருவர், தந்திரிகளின் எதிர்ப்பால் அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டார். வீதியில் நடக்கலாம், சந்நிதியில் கும்பிடலாம். ஆனால் சுவாமிக்குப் பூத்தொடுக்க மட்டும் பிறப்பைக் கேட்பார்கள். இன்னொரு கிழக்கு வீதி!

இதனால் வைக்கம் தோற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. காந்தியடிகளை வெளியில் உட்கார வைத்த அந்த மனை, இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். அன்று வீதியில் நடக்கலாகாது என்று தடுக்கப்பட்டவர்களின் சந்ததியார் அதே வீட்டினுள் நாற்காலி போட்டு அமர்ந்து கூலியைப் பற்றிப் பேசுகிறார்கள். 2024 டிசம்பர் 12-ந் தேதி புதுப்பித்துத் திறக்கப்பட்ட பெரியார் நினைவகத்தில் தமிழரும் மலையாளிகளும் கூடுகிறார்கள். இவையெல்லாம் பெரும் பேறு.

நம் குழந்தைகளுக்கு வைக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது திறந்த மூன்று வீதிகளோடு நிறுத்திவிடாமல், நான்காவதையும் சேர்த்துச் சொல்லுவோம். நம் தெருவிலும், நம் ஊர்க் கோயிலிலும், ஏன், நம் வீட்டுச் சமையலறையிலும்கூட அப்படி ஒரு வீதி மூடியே கிடக்கிறதா என்று அவர்கள் கேட்கட்டும். நாமும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.