பட்டி பார்த்தல்

சென்ற கோடை விடுமுறையில் யான் தொப்பூர் சென்றபோது, எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்ற அம்பாசடர் வண்டியின் விளக்குகளும் பம்பர்களும் கதவுப்பிடிகளும் கழற்றப்பெற்றுச் சாக்கின்மேல் கிடந்தன. எந்தையார் அதனை விற்கத் துணிந்திருந்தார். காரணம் கேட்டிலேன், கல்லூரிக் கட்டணம் செலுத்தவேண்டிய நாள் எனக்கும் தெரியும். பட்டறையில் விட்டால் விலையில் ஒரு பங்கு வண்ணத்திற்கே போய்விடும் ஆதலின், வீட்டிலேயே அவ்வேலையை முடித்தல் அவர் எண்ணம். அவருக்குத் துணை யானே.

அவ்வண்டியை 1994இல் வாங்கியவர் என் பாட்டனார். வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் 2014ஆம் ஆண்டோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுபோயிற்று. எங்கள் வண்டியோ அதற்கு மூன்றாண்டு முன்னரே மரத்தடியில் நின்றுவிட்டது. "பதினேழு ஆண்டு இந்தக் கணவாயில் ஏறி இறங்கினேன், ஒரு கீறல் உண்டா?" என்று பாட்டனார் கேட்பது வழக்கம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அச்சரிவை அறிந்தோர்க்கு அது சிறு பெருமையன்று. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வண்டிகள் ஒருங்கே மோதி உயிர்கள் மாண்ட இடம் அது. இன்றும் இரவில் லாரிகளின் பிரேக் தேயும் நாற்றம் எங்கள் திண்ணை வரை வரும்.

வண்ணம் பூசுதலே வேலை என்று எண்ணியிருந்தேன். அஃது ஒரு காலைப் பொழுதின் வேலை. அதன் முன்னுள்ள தேய்ப்போ பதினொரு நாள் கொண்டது. முதலிற் சோப்பு நீராற் கழுவி, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தோம். பிசுக்கோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் ஏறிப் பின்னர் வண்ணத்தை ஒட்டவிடாது. அதன்பின் உப்புத்தாள். உப்பு ஒரு துகளும் இல்லாத அத்தாளுக்கு அப்பெயர் வந்தது அதன் மேற்பரவிய மணிகள் உப்பெனத் தோன்றுவதாற் போலும். எண் ஏற ஏறத் தாள் நயமாகும்: துருவுக்கு 80, அதன் கீறலை மாற்ற 180, பிறகு 320, இறுதியில் நீர் ஊற்றித் தேய்க்க 600. நீரில் நனைந்தும் கிழியாத தாள் அமெரிக்காவில் 1921இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஈயம் கலந்த வண்ணத்தூளை மூச்சோடு உட்கொண்டே தொழிலாளர் தேய்த்தனர். பழைய வண்ணத்தில் ஈயம் இருத்தல் கூடும் என்று அஞ்சி, நாங்களும் உலர்ந்த தேய்ப்புக்கு முகமூடி அணிந்தோம்.

மூன்றாம் நாள் என் தவறு வெளிப்பட்டது. மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்காமல் விரல் நுனியால் அழுத்தித் தேய்த்திருந்தேன். கதவில் விரற்கணக்கிற் பள்ளங்கள் விழுந்தன. தந்தையார் சினந்திலர். "கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார், தம்பி" என்றார். அன்று முதல் தடவித் தடவியே தேய்த்தேன்.

அவ்வாறு தடவும்போதுதான் இடப்பக்க முன் மட்கார்டு ஐயந்தந்தது. தட்டினால் ஒலி மந்தமாயிற்று. காந்தம் வைத்தேன், நில்லாது வீழ்ந்தது. 80ஆம் தாளால் தேய்க்கத் தேய்க்க, வெண்மைக்குக் கீழே விரற்கனப் பட்டி. பட்டிக்குக் கீழே உள்வாங்கி நெளிந்து துருவேறிய தகடு. தந்தையார் அருகே குந்தி நெடுநேரம் பார்த்தார். 2011இல் ஒருநாள் பாட்டனார் வண்டியோடு சேலம் சென்று, மூன்று நாள் கழித்துத் திரும்பி, "முழங்கால் நோகிறது, இனி ஓட்டேன்" என்று சாவியை ஆணியில் மாட்டியது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்தது. ஏன் மூன்று நாள் என்று எவரும் கேட்டதில்லை. அதன்பின் இரண்டாண்டில் அவர் கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது.

"ஒரு கீறலும் படாத வண்டி என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டேனே" என்றார் தந்தையார்.

மீண்டும் பட்டி வைத்து மூடிவிடலாம் என்று யானே சொன்னேன். கட்டணத்தின் நினைவு அப்படிச் சொல்லுவித்தது. அவர் விடை கூறாது எழுந்து போய், ஊரிலுள்ள டிங்கர் வேலைப் பெரியவரை அழைத்துவந்தார். பெரியவர் அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்து, நெளிவைத் தட்டி நிமிர்த்தினார். அத்தொழிலோர் பட்டி பூசுதல் என்னார். பட்டி பார்த்தல் என்பர். பூசியபின் பார்க்கும் வேலையே மிகுதி. மெல்லிய பட்டி இட்டுத் தேய்த்து, அன்றே பிரைமர் அடித்து, அதன்மேற் கருவண்ணம் பொடியாகத் தூவி மறுபடியும் தேய்த்தோம். மேடு வெளுக்கும், பள்ளத்திற் கருமை தங்கும். கருமை முற்றும் நீங்க நான்கு முறை ஆயிற்று.

நெடுஞ்சாலைத் தூசி எழுமுன், விடியலில் முற்றத்தை நீர்தெளித்து நனைத்து, இரவல் கம்பிரசரால் வெண்மை அடித்தோம்.

வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிவந்தார். தந்தையார் செய்தியைத் தொலைபேசியிலேயே கூறியிருந்தார். அதற்காக விலையில் ஆறாயிரம் குறைந்திருந்தது. வந்தவர் இரு மட்கார்டுகளையும் மாறி மாறித் தடவினார். "எந்தப் பக்கம் என்றீர்கள்?" என்றார்.

தந்தையார் அவர் கையைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தார்.