விதைநெல்லும் எங்கம்மாவும்

2012 டிசம்பரில் கொச்சியில் தொடங்கிய முதல் பினாலே கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அமர் கன்வரின் ‘சாவரின் ஃபாரஸ்ட்’ அங்கே இருந்தது. ஒடிசாவில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பறிபோகும் நிலத்தைப் பற்றிய படைப்பு. படங்கள், கையால் செய்த காகிதப் புத்தகங்கள், அவற்றோடு நடபர் சாரங்கி என்ற விவசாயி காப்பாற்றிய நாட்டு நெல் விதைகள், 200 ரகத்துக்கு மேல். நடந்த குற்றத்துக்கு நெல்லே சாட்சி. நல்ல வேலைதான். ஆனா அது நிலத்தைப் பறிகொடுத்தவனுக்குச் சாட்சி. நிலமே இல்லாத நமக்கு எது சாட்சி?

நான் தாராசுரம் சேரியில் பிறந்தவள். நம்ம டெல்டாவிலும் நெல் ஜெயராமன் 174 ரகங்களை மீட்டார். 2018ல் அவர் சாகும்வரை அதே வேலை. குறை சொல்ல மாட்டேன். ‘பாரம்பரியம்’னு மத்தவங்க உருகும்போதுதான் எரிச்சல் வருது. மாப்பிள்ளைச் சம்பா விளைஞ்ச காலத்துல அதை நட்டது யாரு? சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கின பண்ணையாளுங்க. சரி, புது ரகமாவது நம்மைக் காப்பாத்துச்சா? பக்கத்து ஆடுதுறையிலிருந்து 1960களில் ஏ.டி.டி. 27 வந்தது. 105 நாள் பயிர். விளைச்சல் கூடிச்சு. கூலியைக் கூட்டிக் கேட்டதுக்கு 1968 டிசம்பர் 25ல் கீழவெண்மணியில் 44 பேரை எரிச்சாங்க.

எங்கம்மா பேர்ல ஒரு குழி நிலம் கிடையாது. ஆனா நாத்தைக் கையில் எடுத்ததுமே முத்துனதா இளசான்னு சொல்லிடும். பயிரோடு பயிராக நிக்கிற கோரையைக் குனிஞ்ச வாக்குல பிரிச்சுப் பிடுங்கும். வேளாண்மைப் புத்தகத்தில் ஆரைக்கீரை ஒரு களை. எங்க வீட்டில் அதுதான் குழம்பு. பறிச்ச களையில் பாதி மடியில் ஏறும். வரப்போரம் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. வாய்க்காலில் நண்டு, நத்தை. எதை எந்த மாசம் தின்னலாம், பிள்ளை பெத்தவளுக்கு எதைக் குடுக்கணும்னு எல்லாம் அதுக்கு அத்துப்படி. களைக்கொல்லி வந்தபிறகு அந்தக் கீரையும் போச்சு, களையெடுப்புக் கூலியும் போச்சு. இதை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலை. இப்போ கும்பகோணத்துக் கடையில் கருப்புக் கவுனி கிடைக்குது. விலை கேட்டுட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் ரேஷன் அரிசிதான்.

தோழர்களே, கலைக்காரங்க தாராளமா வரட்டும். எங்கம்மா மாதிரி பொம்பளைங்களோட ஒரு நடவுக்காலம் பூரா வரப்புல உக்காந்து கேக்கட்டும். ஆனா கூலி குடுத்துக் கேக்கணும். பேச்சுல அரை நாள் போனா அரை நாள் கூலி போச்சு.